தானா வருதா, வரவைக்கிறோமா

அவரை எங்கள் கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளி வாம்மா, போம்மா என்பார். மற்ற எல்லோருக்கும் லேப் அக்கா. லேப் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கடலூர் முதுநகரைத் தாண்டி, சிதம்பரம் போகிற சாலையில் இருந்த எங்கள் தொழிற்கூடத்தின் பின்பக்கம், குடோனை ஒட்டி ஒரு அறை. ஒரு தராசு, ஒரு மின் அடுப்பு, நான்கு அலமாரி, ஒரு ஜன்னல். அவ்வளவுதான்.

நாங்கள் செய்தது பள்ளிப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர். பேருக்குத்தான் ரப்பர். உண்மையில் மெத்தென்ற பிளாஸ்டிக். ஸ்ட்ராபெரி, ஆரஞ்சு, வாழைப்பழம் என்று பழ வாசனை வரும். பாதி உள்ளூர்க் கடைகளுக்குப் போகும், பாதி சென்னையில் ஒரு ஏஜென்ட் மூலமாக ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறும். ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. 2005இல் சேர்ந்தேன்.

சேர்ந்த வருஷம் மழைக்காலத்தில் என் மகளுக்கு ஒரு மழைக்கோட்டு வாங்கினேன். மத்தியானம் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது லேப் அக்கா வந்து அதை முகர்ந்தார். "ஒரு நாளைக்குக் குடு" என்று வாங்கிக்கொண்டு போனார். ஒரு பெரிய ஊறுகாய் ஜாடிக்குள் அதைத் திணித்து, மூடியை இறுக்கி, ஜன்னலில் வெயில் படுகிற இடத்தில் வைத்துவிட்டார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு என் மூக்குக்கு நேரே மூடியைத் திறந்தார். தலை கிறுகிறுத்தது.

"புள்ள இதப் போட்டுக்கிட்டு நடந்தா இதத்தான் இழுக்கும். ஒரு வாரம் கொடியில தொங்கவுடு. அப்பறம் போடு."

"மழ நின்னுடுமேக்கா."

"அப்ப கொட புடிச்சிக்கினு போவச் சொல்லு."

இப்படி அவர் ஜாடிக்குள் அடைத்துப் பார்க்காத பொருள் கிடையாது. புதுச் செருப்பு, சாப்பாட்டு டப்பா, கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்த பிளாஸ்டிக் கூடை. கம்பெனியில் சிரிப்பார்கள். அவர் வீட்டுக்காரர், சிதம்பரத்தில் கூட்டுறவு சங்கத்தில் குமாஸ்தா, ஒருமுறை ஆயுத பூஜைக்கு வந்திருந்தார். "எங்க வூட்டுல புதுசா ஒரு பக்கெட் வாங்கினாக்கூட அதுக்கு மொதல்ல இன்டர்வியூ நடக்கும்" என்றார். அக்காவும் சிரித்தார். ஆனால் ஜாடியைக் கழுவி வைப்பதை நிறுத்தவில்லை.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. "ஆம், இல்லை" என்று இரண்டே கட்டம் கொடுத்து டிக் போடச் சொன்னால் அவரால் போட முடியாது. ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதாவது எழுதுவார். ஊரில் கணக்கெடுக்க வந்தவர் வீட்டில் டிவி உண்டா என்று கேட்டதற்கு, "உண்டு, ஓடாது" என்று எழுதிக் கொடுத்தவர். வந்தவர் திகைத்துப்போய், இதை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று கேட்டாராம். "அது உங்க கஷ்டம். என் வூட்டு டிவி அப்பிடித்தான் இருக்கு" என்றாராம் இவர்.

ஒரு பொங்கல் விடுமுறைக்கு முன்னால், வாசனை ரப்பர் ஒன்றை என் மேசையில் பிளாஸ்டிக் ஸ்கேல் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. பிய்த்தேன். ரப்பர் இருந்த இடத்தில் ஸ்கேல் குழிந்து பிசுபிசுத்தது. சரக்கு கெட்டுவிட்டதோ என்று அக்காவிடம் கொண்டுபோனேன்.

"கெட்டுப்போவல. இதுக்குள்ள எண்ணெய் இருக்கு. பிளாஸ்டிக்க மெத்துனு ஆக்குறதுக்கு ஊத்துற எண்ணெய். அது உள்ளயே கெடக்காது, மெதுவா வெளிய வரும். ஸ்கேல் கெடச்சா ஸ்கேலுக்குள்ள போவும். வாய் கெடச்சா வாய்க்குள்ள போவும்."

"வரணும்னுதானா ஊத்துறோம்?"

"வாசனைய வரணும்னு ஊத்துறோம். எண்ணெய வரணும்னு ஊத்தல. ஆனா ரெண்டும் வருது." ஸ்கேலை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "தானா வருதா, நாம வரவைக்கிறோமா. எதக் கையில எடுத்தாலும் எனக்கு இந்த ஒரு ரோதனதான்."

அது அவருடைய ரோதனை மட்டுமல்ல என்று 2008இல் தெரிந்தது. ஐரோப்பாவில் புதுச் சட்டம் வந்திருக்கிறது, இதை நிரப்பி அனுப்புங்கள் என்று ஏஜென்டிடமிருந்து ஒரு படிவம் வந்தது. அதில் ஒரு கேள்வி: இந்தப் பொருளைச் சாதாரணமாகப் பயன்படுத்தும்போது, வெளிவர வேண்டும் என்ற நோக்கத்தோடேயே ஏதாவது ரசாயனம் இதிலிருந்து வெளிவிடப்படுகிறதா? ஆம் அல்லது இல்லை.

முதலாளி இல்லை என்று போடச் சொன்னார். ஆம் என்றால் அந்த ரசாயனத்தைப் பதிவு செய்ய வேண்டிவரும், அது நம்மால் ஆகிற காரியமா என்று ஏஜென்ட் அவரைப் பயமுறுத்தி வைத்திருந்தான். அக்கா படிவத்தோடு அவர் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"சார், ஸ்ட்ராபெரி வாசன வரணும்னுதான போடுறோம்? வரலன்னா கடைக்காரன் திருப்பி அனுப்புறான். அப்பறம் எப்பிடி இல்லன்னு எழுதுறது?"

"வாசன ஒரு கெமிக்கலாம்மா? பூவுலகூடத்தான் வருது."

"பூவுக்கு இந்தப் படிவம் வரல சார். நமக்கு வந்திருக்கு."

முதலாளி கெட்டவர் இல்லை. சர்க்கரை வியாதிக்காரர், பதினோரு மணிக்கு மேல் அவருக்குச் சலிப்பு வந்துவிடும். கையை வீசி, "என்னமோ பண்ணுங்க, ஆனா ஆர்டர் போச்சுன்னா நாப்பது குடும்பம்" என்றார். அந்த நாற்பது குடும்பத்தை அக்கா மூன்று வாரம் தலையில் சுமந்துகொண்டு திரிந்தார். அப்போது சிதம்பரத்திலிருந்து ரயில் கிடையாது, பாதையை அகலப்படுத்துகிறோம் என்று நிறுத்தியிருந்தார்கள். பேருந்தில் நின்றுகொண்டே வந்து, வந்த உடனே பழைய கலவைச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார். ஒரு வருஷத்தில் எந்த வாசனை எண்ணெய் எத்தனை கிலோ ஐரோப்பாவுக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாகக் கூட்டினார். கடைசியில் "ஆம்" என்று டிக் போட்டு, கிலோக் கணக்கையும் இணைத்து அனுப்பினார்.

பதில் இரண்டே வரியில் வந்தது. ஒரு ரசாயனம் வருஷத்துக்கு ஆயிரம் கிலோவைத் தாண்டினால்தான் பதிவு. உங்களுடையது கொஞ்சம்தான். எதுவும் செய்யத் தேவையில்லை.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, "சரி, உண்மையச் சொல்லியும் ஒண்ணும் ஆவல. அது வரைக்கும் நல்லது" என்றார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் அப்படிச் சாய்ந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

செல்வராணி விஷயம் அதே வருஷம்தான். அவள் கலவை அறையில் வேலை பார்த்தவள். பொடியையும் எண்ணெயையும் சாயத்தையும் சூடாக்கும் தொட்டியில் கொட்டி, கடைசியில் வாசனை எண்ணெயை ஊற்றுவாள். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டில் எல்லோருக்கும் கத்திரிக்காய்க் குழம்பு கொடுத்தாள். வாயருகே கொண்டுபோனதும் வாடை அடித்தது, ஊசிப் போயிருந்தது. ஆளாளுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் மட்டும் அதையே பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

லேப் அக்கா எழுந்து போய்க் கற்பூரம் எடுத்துவந்து அவள் மூக்கருகே வைத்தார். "தெரியுதா?"

"இல்லக்கா."

வாசனை எண்ணெய் பாட்டிலைத் திறந்து வைத்தார். "இது?"

"இல்லக்கா. நாலஞ்சு மாசமா ஒண்ணும் தெரியல. சளின்னு நெனச்சேன்." பிறகு எங்கள் தட்டுகளைப் பார்த்தாள். "கொழம்பு கெட்டுப்போச்சா?"

அவள் பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அந்த முதுகை நான் மறக்கவில்லை.

அன்று சாயங்காலமே அக்கா யாரையும் கேட்காமல் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார். முதலாளி தன் காரிலேயே அவளை டாக்டரிடம் அனுப்பினார், அதையும் சொல்ல வேண்டும். டாக்டர் மூக்கில் விடச் சொட்டு மருந்து கொடுத்து, "திரும்ப வரலாம், வராமலும் போகலாம்" என்றார். எதனால் என்று எழுதித் தரவில்லை.

அடுத்த கப்பலுக்கு அதே படிவம் மறுபடி வந்தபோது, அக்கா அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் ஓரமாக எழுதினார். இந்த வாசனை பொருளிலிருந்து வெளிவருவதற்குள் எங்கள் தொழிலாளி ஒருத்தியின் மூக்குக்குள் போய்விட்டது, இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று. ஏஜென்ட் கோபமாகப் போன் செய்தான். ஆனாலும் அனுப்பினான் போலிருக்கிறது, மரியாதையான பதில் ஒன்று வந்தது. தயாரிக்கும்போது வெளிவருவது இந்தக் கேள்விக்குள் வராது. பொருள் முழுதாகச் செய்து முடிந்தபின் அதிலிருந்து வருவதைப் பற்றித்தான் இந்தப் படிவம். தொழிலாளர் விஷயத்துக்கு உங்கள் நாட்டு விதிகளைப் பார்க்கவும்.

நம் நாட்டு விதிகளின்படி ஒருவர் வந்து பார்த்தார். காற்றுப்போக்கி ஒன்று மாட்டச் சொன்னார். ஏழு மாதம் கழித்து மாட்டினார்கள். கரண்ட் இருக்கும்போது சுற்றியது.

அதற்கடுத்த படிவம்தான் என்னை மாட்டிவிட்டது. ஐரோப்பாவில் சில ரசாயனங்களைப் பட்டியல் போட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்று ஒரு பொருளின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் வாங்குகிறவருக்குச் சொல்லியாக வேண்டும். வரவைத்தாலும் சரி, தானாக வந்தாலும் சரி, உள்ளே இருந்தாலே சொல்ல வேண்டும். பட்டியலில் எங்கள் எண்ணெயின் பெயர் மாதிரி ஒன்று இருந்தது.

அக்காவின் முகத்தில் அன்று ஒரு தெளிவு. "இப்பத்தான் சரியாக் கேக்குறான்" என்றார். சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு ரப்பரை அனுப்பினார். அதே எண்ணெய்தான், ஆயிரத்தில் ஒன்று இல்லை, அதற்குப் பல மடங்கு மேல் என்று அறிக்கை வந்தது. ஆனால் எண்ணெய் விற்றவன், இது பட்டியலில் இல்லாத வேறு எண்ணெய் என்று ஏற்கெனவே ஒரு சான்றிதழ் கொடுத்திருந்தான். பட்டியலில் உள்ளது எதுவும் இல்லை என்று நிரப்பிய படிவத்தின் மேல் முதலாளி சான்றிதழை வைத்தார், அறிக்கையை டிராயருக்குள் போட்டார்.

"அவன் குடுத்த பேப்பர நம்பித்தான நாம குடுக்குறோம். அதுல தப்பு இருந்தா அவன் தலவலி. கையெழுத்துப் போடும்மா."

"நான் போட மாட்டேன் சார். எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

முதலாளி என் பக்கம் திரும்பினார். கம்பெனி சார்பாக யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம் என்றார். பேனாவை நீட்டினார். என் வீட்டுக்காரருக்கு அப்போது வேலை இல்லை, அதை நான் காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அந்த நிமிஷம் எதுவும் யோசிக்கவில்லை. நீட்டினார், வாங்கினேன், போட்டேன்.

வெளியே வந்து அக்காவின் பின்னாலேயே நடந்தேன். "நான் போடலன்னா வேற யாராச்சும் போட்டிருப்பாங்கக்கா" என்றேன்.

"போட்டிருப்பாங்க" என்றார். கொஞ்ச தூரம் போய், "அதனால நீ போட்டது இல்லன்னு ஆயிடாது" என்றார். குரலில் கோபம் இல்லை. அதன்பிறகும் என்னோடுதான் சாப்பிட்டார். அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

கப்பல் ஏறுமுன் வாங்குகிறவன் சாம்பிளை எடுத்துத் தானே ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டான். சரக்கு சென்னையிலிருந்தே திரும்பி வந்தது. ஏஜென்ட் கத்தினான். முதலாளி எண்ணெய்க்காரன் மேல் பழியைப் போட்டார், அவன் வேறு எவன் மேலோ போட்டான். கடைசியில் ஏற்றுமதிக்கு மட்டும் வேறு நல்ல எண்ணெய் வாங்குவது என்று முடிவாயிற்று. திரும்பி வந்த ரப்பர் பெட்டிகள் ஜூன் மாதம் பள்ளி திறக்கிற நேரத்தில் கடலூரிலும் சிதம்பரம் மேலவீதியிலும் கடைகளுக்குப் போயின.

அக்கா முதலாளியிடம் போனார். முதலாளி அலுப்போடு சொன்னார்: "அங்க சட்டம் இருக்கு, கேட்டான். இங்க இத யாரு கேக்குறா? எந்தச் சட்டத்துல இருக்குன்னு காட்டும்மா, நாளைக்கே நிறுத்துறேன்."

அக்கா தேடினார். ஓர் அலுவலகத்துக்கு எழுதினார். நாங்கள் புகை, கழிவுநீர் இரண்டுக்கும்தான், ரப்பருக்கு இல்லை என்று பதில் வந்தது. இன்னொரு அலுவலகம், நாங்கள் தொழிலாளர் பாதுகாப்புக்கு மட்டும் என்றது. மூன்றாவது இடத்தில், தரக் குறியீடு விருப்பப்பட்டவர்கள் வாங்கிக்கொள்வது என்றார்கள். மூன்று பதில்களையும் ஒரே கிளிப்பில் மாட்டி வைத்தார். முதலாளியிடம் காட்ட அவரிடம் எதுவும் இல்லை.

அதன்பிறகு குடோனில் இரண்டு வகை எண்ணெய்ப் பீப்பாய்கள் நின்றன. நீலம் ஏற்றுமதிக்கான நல்ல எண்ணெய், கறுப்பு உள்ளூருக்கான பழைய எண்ணெய். எந்தக் கலவையில் எது எவ்வளவு என்று சீட்டு எழுதுவது அக்காவின் வேலை. எண்ணெய்க்கு ஆர்டர் போடுகிற காகிதம் என் மேசை வழியாகப் போகும். 2011 சித்திரையிலிருந்து நீலப் பீப்பாய்க்கான ஆர்டர் கூடிக்கொண்டே போனதை நான் பார்த்தேன். ஏற்றுமதி கூடவில்லை. கறுப்புக்கு ஆர்டர் போடவே தேவையில்லாமல் போயிற்று. எனக்குப் புரிந்தது. அக்காவிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. காகிதத்தை முதலாளியின் கையெழுத்துக்கு வைக்கும்போது மற்றக் காகிதங்களுக்கு நடுவில் செருகி வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

எட்டு மாதம் உள்ளூர் ரப்பரும் நல்ல எண்ணெயில் போனது. வாங்கின ஒருவருக்கும் தெரியாது.

அந்த வருஷக் கடைசியில் புயல் வந்தது. எங்கள் குடோன் கூரைத் தகடு முழுவதும் பறந்துவிட்டது. சுற்று வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பீப்பாய்களை நனையாத இடத்துக்கு நகர்த்தும்போது முதலாளி தானே நின்று பார்த்தார். கறுப்புப் பீப்பாய்கள் வரிசையாக, சீல் பிரிக்காமல், தூசி படிந்து நின்றன.

எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கலவைச் சீட்டுகளை முன்னால் போட்டார். முதலில் என்னைப் பார்த்துக் கேட்டார்: "உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்" என்றேன்.

"அவளுக்குத் தெரியாது சார்" என்றார் லேப் அக்காவும். "சீட்டு எழுதுனது நான்."

"எதுக்கும்மா இப்பிடிப் பண்ண? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டேன் சார். சட்டத்தக் காட்டச் சொன்னீங்க. இல்ல."

முதலாளி சீட்டுகளை அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு, மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார். அக்கா தலையாட்டினார். லேப் சாவியை அப்போதே மேசை மேல் வைத்துவிட்டார். கரண்ட் வந்ததும் கறுப்புப் பீப்பாய்களின் சீல் பிரிந்தது. ஆள் போதவில்லை என்று செல்வராணியைத் திரும்பவும் கலவை அறைக்கு அனுப்பினார்கள். தனக்குத்தான் வாசனை தெரியாதே, அதனால் கஷ்டமில்லை என்று அவளே சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

2012 ஆவணி மாதம், சிதம்பரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பேருந்தில் லேப் அக்கா ஏறினார். என்னைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கடலூரில் ஒரு தண்ணீர் பரிசோதிக்கும் இடத்தில் வேலை என்றார். இளைத்திருந்தார். என் மகளைப் பற்றிக் கேட்டார். ஆலப்பாக்கம் தாண்டுகிற வரை நான் எதை எதையோ பேசிவிட்டு, கடைசியில் சொன்னேன்.

"அன்னிக்கு எனக்குத் தெரியும்க்கா. ஆர்டர் பேப்பர் பாத்தேன். தெரிஞ்சுதான் தெரியாதுன்னேன்."

"தெரியும்" என்றார். "ரெண்டு பேரும் வெளிய வந்திருந்தா உள்ள யாரு இருப்பா? நீயாச்சும் இருக்கட்டும்னுதான் நானும் சொன்னேன்." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்: "செல்வராணி பேக்கிங்ல இருக்காதானே?"

"இருக்காக்கா" என்றேன்.

அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். முதுநகர் வரும்வரை தூங்கினார். நான் தூங்கவில்லை.

மறுநாள் முதலாளியிடம் போய்ச் செல்வராணியை மாற்றச் சொல்லிக் கேட்டேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அடுத்த மாதம் கேட்டேன். தீபாவளி போகட்டும் என்றார். தீபாவளி போனதும் கேட்டேன். அதற்கடுத்த வாரமும் கேட்டேன். நாலாவது முறை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நீயும் ஆரம்பிச்சிட்டியா" என்றார். ஆனால் மாற்றல் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை செல்வராணி தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு பேக்கிங் மேசைப் பக்கம் வந்து நின்றாள். உட்காரவில்லை.

"இங்க எத்தினி நாளைக்குக்கா?"

எனக்குத் தெரியவில்லை. அவளிடம் அதையே சொன்னேன்.